கோபம் குளம் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும்

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் ‘ஊக்கம்’ பற்றி எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மனசு வைத்தால் முடியும், லட்சியத்தை எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வை, எழுந்ததும் உனக்கு நீயே நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொள் என்று இப்படியே போகும். பயிற்சியைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விடுகிறவன் சோம்பேறி, விடாமல் செய்கிறவன் தீரன். ஆக எல்லாமே தனிமனுசன் மண்டைக்குள்ளே நடக்கிற சமாச்சாரம். அவன் எந்தத் தெருவில் பிறந்தான், எத்தனை மணிக்கு வேலைக்கு ஓடுகிறான், அவன் அப்பன் எந்தக் கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்று விரட்டப்பட்டான் என்பதெல்லாம் கணக்கில் வராது.

நான் முப்பத்தொரு வயசில் நீச்சல் கற்கப் போனவன். 2019 ஏப்ரல். அன்றிலிருந்து, கொரோனா காலத்தில் குளம் பூட்டிக்கிடந்த மாதங்கள் போக, வாரத்தில் நாலு நாள் எங்கள் மாவட்டத் தலைநகரத்துப் பொது நீச்சல் குளத்தில் நீந்திக்கொண்டிருக்கிறேன். பந்தயத்துக்குப் போகிறவனல்ல. பகலில் வங்கி கவுண்டர், ராத்திரி கவிதை, காலை ஆறிலிருந்து ஏழு வரை தண்ணி. என்னோடு அந்த ஏப்ரலில் சேர்ந்தவர்கள் இருபத்தாறு பேர். கோடை முடிந்து ஜூலையில் ஒன்பது பேர். அடுத்த பொங்கலுக்கு நாலு பேர். விட்டுப்போன இருபத்திரண்டு பேரும் சோம்பேறிகள் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அவர்களில் பலரை எனக்குத் தெரியும்.

வயது வந்தபின் நீச்சல் கற்க வருகிறவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் கிளையில் ஏழு பேருக்கு நீச்சல் தெரியும். கேட்டால் ஏழு பேரும் ஒரே கதைதான் சொல்வார்கள். “ஆறு வயசுல எங்க தாத்தா இடுப்புல சுரைக்குடுக்கையக் கட்டி எங்க கெணத்துல தூக்கிப் போட்டாரு.” சுரைக்குடுக்கை இல்லையென்றால் கல்யாண முருங்கைக் கட்டை, அதுவும் இல்லையென்றால் லாரி டியூப். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் எல்லோரும் சாதாரணமாகத் தாண்டிப்போகிற வார்த்தை ஒன்று இருக்கிறது: ‘எங்க கெணத்துல.’ கிணறு வைத்திருந்தவன் பிள்ளை நீச்சல் கற்றான். என் அப்பா கிணறு வெட்டியவர். பாறைக்கு வேட்டு வைத்து, சேறு அள்ளிக் கூடையில் ஏற்றி, ஊற்றுக்கண் திறந்து தண்ணி கணுக்காலைத் தொட்டதும் அவரை மேலே ஏறச் சொல்லிவிடுவார்கள். தண்ணி வருகிற வரைக்கும்தான் அவர் அதற்குள் இருக்கலாம். வந்தபிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக்கூடாது. நம்மிலும் நீச்சல் தெரிந்தவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஏரியிலும் கல்லுடைத்த பள்ளத்திலும் தானாகக் கற்றவர்கள். ஊர்க்கிணற்றில் யாராவது விழுந்து செத்தால் பிணம் எடுக்க அவர்களைத்தான் கூப்பிடுவான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் தண்ணீருக்குத் தீட்டு கிடையாது.

இதெல்லாம் அந்தக் காலம் என்று யாராவது சொல்வார்கள். 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தில், ஜல்காவ் மாவட்டத்து வாகடி கிராமத்தில், கிணற்றில் நீச்சலடித்ததற்காக தலித் சிறுவர்களை நிர்வாணமாக்கி அடித்தார்கள். அதை வீடியோவும் எடுத்தார்கள். 2022 டிசம்பரில் நம் புதுக்கோட்டை வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது. எனவே நம் வீட்டில் அம்மாக்கள் பிள்ளையைத் ‘தண்ணிப் பக்கம் போகாதே’ என்று சொல்வது வெறும் முழுகிச் சாகிற பயமல்ல. தண்ணிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தடி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பயமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டது.

நமக்கு மட்டும்தானா இப்படி? அமெரிக்கக் கறுப்பின மக்கள் கதையையும் பார்க்க வேண்டும். 1964 ஜூன் 18 அன்று ஃப்ளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளைத் தோழர்களும் சேர்ந்து குதித்தார்கள். விடுதிக்காரன் அமிலத்தைக் கொண்டுவந்து குளத்தில் ஊற்றினான். அதன் புகைப்படங்களைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. சட்டம் வந்தது, குளங்கள் திறந்தன. நிறைய ஊர்களில் கறுப்பர்களோடு சேர்ந்து குளிப்பதைவிடக் குளத்தையே மூடிவிடலாம் என்று வெள்ளையர்கள் மூடியும்விட்டார்கள். அதன் பலன் என்ன? 2017-இல் அங்கே எடுத்த ஓர் ஆய்வில் கறுப்பினக் குழந்தைகளில் நூற்றுக்கு 64 பேருக்கு நீச்சல் தெரியாது, அல்லது அரைகுறை. வெள்ளைக் குழந்தைகளில் 40 பேர். இன்னொரு கணக்கும் சொல்கிறார்கள்: பெற்றோருக்கு நீச்சல் தெரியாத வீட்டில் பிள்ளை நீச்சல் கற்பதற்கான வாய்ப்பு 19 சதவீதம்தான். அமிலம் ஊற்றியவன் எப்போதோ போய்விட்டான். அது மூன்றாம் தலைமுறையின் நுரையீரலில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே முப்பது வயசுக்கு மேல் நம்மில் ஒருவன் ஜட்டியும் தொப்பியுமாகக் குளத்தின் விளிம்பில் நிற்கிறான் என்றால், அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது பெரும்பாலும் கோபம்தான். என்னையும் அதுதான் கொண்டுவந்தது. ஆனால் நான் இங்கே சொல்ல வருவது வேறு. தோழர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கோபம் குளம் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். உள்ளே வைத்திருக்காது. கொள்கைக்காக எவனும் ஆறு வருஷம் காலை ஐந்தேகால் மணிக்கு எழுந்திரிக்க முடியாது. மார்கழியில், மழை பிசுபிசுக்கிற விடியலில், போர்வைக்குள் கிடக்கிறவனுக்கு அம்பேத்கரும் வரமாட்டார், மார்க்ஸும் வரமாட்டார். அந்த நேரத்தில் வருவது ஆட்டோ ஹாரன் சத்தம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வருஷம் யாருக்கும் ஊக்கம் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு வாரமும் ஒன்று புதிதாக நடக்கும். தண்ணீருக்குள் முகத்தை வைக்கிறோம், குமிழி விடுகிறோம், கம்பியைப் பிடித்துக் கால் அடிக்கிறோம், பலகையைப் பிடித்துக்கொண்டு பாதிக் குளம் போகிறோம். ஒருநாள் திடீரென்று உடம்பு மிதக்கிறது! அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தலையை உயர்த்தினால் கால் தாழும், தலையைத் தண்ணிக்குள் குனிந்து வைத்தால் கால் தானாக மேலே வரும் என்ற எளிய விஷயம் பிடிபடுகிற நாளில் உலகமே வேறு மாதிரி தெரியும். ஆபத்து இரண்டாவது வருஷத்தில்தான் இருக்கிறது. 25 மீட்டர் போவோம், மூச்சு வாங்கும். மறுநாளும் அதே 25 மீட்டர், அதே மூச்சு வாங்கல். மாதக்கணக்கில் அதே இடம். பக்கத்து லேனில் எட்டு வயசுப் பொடியன் மீன் மாதிரி போய்க்கொண்டிருப்பான். பெரும்பாலோர் விட்டுப்போவது இங்கேதான்.

இந்தத் தேக்கம் ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. அதற்குள் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்க்கிற தடை சுமார் நாலு மடங்காகும். எனவே முண்டி முண்டிக் கை வீசுகிறவன் தண்ணியோடு சண்டை போட்டுச் சோர்வானே தவிர முன்னே போகமாட்டான். ஓட்டத்தில் கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். நீச்சலில் அப்படியல்ல. உடம்பை நீட்டி, கிடையாக வைத்து, தடையைக் குறைத்துக்கொள்கிறவன்தான் போகிறான். மூச்சு வாங்குவதும் காற்று போதாததால் அல்ல. தண்ணிக்குள் முகம் இருக்கும்போது மூச்சை விடாமல் அடக்கி வைத்துக்கொள்கிறோம், கரியமிலவாயு உள்ளே சேர்ந்து நெஞ்சை முட்டுகிறது. உள்ளே விட்டுக்கொண்டே இருந்தால் வெளியே முகம் திரும்பும்போது இழுப்பதற்கு இடம் இருக்கும்.

இதில் எனக்கு ஒரு அரசியல் தெரிகிறது. மிகைப்படுத்துகிறேன் என்றால் சொல்லுங்கள். நம் உடம்புகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: பாடுபடு. மண்வெட்டியாகட்டும், பாரம் தூக்குவதாகட்டும், பரீட்சைக்குப் படிப்பதாகட்டும், நாம் மற்றவனைவிட இரண்டு பங்கு முண்டினால்தான் அரைப் பங்கு கிடைக்கும். நான் வங்கித் தேர்வு எழுதியதும் அப்படித்தான். அந்த உடம்பைக் கொண்டுபோய்த் தண்ணிக்குள் போட்டால் அது முண்டத்தான் செய்யும். வேறொன்றும் அதற்குத் தெரியாது. தண்ணி அந்தக் கூலி உழைப்பை வாங்கிக்கொள்வதில்லை. விடு, நீட்டு, கிட என்கிறது. இந்த உடம்பிடம் ‘சும்மா கிட’ என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. தாத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை, அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் மாஸ்டர் (சர்வீசிலிருந்து ஓய்வுபெற்ற மனுசர், வாய் ரொம்ப மோசம்) கரையில் நின்று கத்துவார்: “ஏன்டா தண்ணிய அடிக்கிற? அது உனக்கு என்னடா பண்ணுச்சு?” இரண்டாவது வருஷம் முழுக்க நான் கற்றது இந்த ஒரு பாடம்தான். அதற்கு ஒரு வருஷம் ஆகும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் எங்கள் பேட்சில் இன்னும் பத்துப் பேராவது நின்றிருப்பார்கள்.

முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத காலத்தில் அதைக் கண்ணுக்குத் தெரிய வைக்க ஒரு வழி வேண்டும். நான் வங்கிக்காரன், எனக்குப் பேரேடுதான் தெரியும். ஒரு நோட்டு போட்டேன். அதில் இரண்டே கணக்கு. ஒன்று, 25 மீட்டருக்கு எத்தனை கை போடுகிறேன். தொடக்கத்தில் 32. இப்போது 23. வேகம் கூடாத மாதங்களில்கூட இந்த எண்ணிக்கை ஒன்று ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அதாவது ஒவ்வொரு கைக்கும் கூடுதல் தூரம் போகிறேன் என்று அர்த்தம். பக்கத்து லேன் பொடியனைப் பார்த்தால் இது தெரியாது, நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டரை முடிந்த வேகத்தில் போய் நேரம் குறிக்க வேண்டும். இளைப்பாறிவிட்டு 200 மீட்டர். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால், நீண்ட நேரம் தாக்குப்பிடித்துப் போகக்கூடிய வேகம் 100 மீட்டருக்கு இவ்வளவு என்று வரும். என் முதல் சோதனையில் 400-க்கு 14 நிமிஷம் 10 விநாடி, 200-க்கு 6 நிமிஷம் 40 விநாடி. கழித்து வகுத்தால் 3 நிமிஷம் 45 விநாடி. போன சோதனையில் 10 நிமிஷம் 20 விநாடி, 4 நிமிஷம் 56 விநாடி. ஆக 2 நிமிஷம் 42 விநாடி. பந்தய நீச்சல்காரன் பார்த்தால் சிரிப்பான். சிரிக்கட்டும். இந்த 1 நிமிஷம் 3 விநாடி என்னுடைய சம்பாத்தியம், எந்த இன்கிரிமென்டிலும் வராதது. சோதனையை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்வேன். வங்கிக்கும் அப்போதுதான் கணக்கு முடிப்பு. ஒரே ரத்த அழுத்தமாகப் போகட்டும் என்றுதான்.

தினமும் ஒரே மாதிரி நீந்துகிறவனுக்குச் சலிப்பு வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒருநாள் கை, கால், மூச்சு என்று பிரித்துப் பிரித்துத் திருத்தப் பயிற்சி. ஒருநாள் நிறுத்தாமல் நிதானமாக நீண்ட தூரம். ஒருநாள் 50 மீட்டராகப் பத்துத் தடவை, நடுவில் அரை நிமிஷ ஓய்வு. ஒருநாள் மல்லாந்தோ தவளை நீச்சலோ, மனம் போனபடி. தோள் வலித்தால் அதை மறைத்துக்கொண்டு நீந்துவதில் எந்த வீரமும் இல்லை. வீரத்துக்கு ஆசைப்பட்டுத் தோள்மூட்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் திரும்பி வருவதேயில்லை.

இன்னொரு மூடநம்பிக்கையும் உலவுகிறது. 21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடுமாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவரது சகாக்களும் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் பழக்கமாக ஊன்றுவதற்குச் சராசரியாக 66 நாள் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. உடற்பயிற்சி மாதிரி கடினமானவற்றுக்கு நாள் அதிகம். அதைவிட முக்கியமாக, நடுவில் ஒருநாள் தவறினால் ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை என்றும் பார்த்தார்கள். நம் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் சாவு, ஒரு வாரம் கல்யாணம், ஒரு வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நம் வீடுகளில் வாழ்க்கை குறுக்கே விழுந்துகொண்டேதான் இருக்கும். பத்து நாள் போகாதவன், “அவ்ளோதான், விட்டுப்போச்சு” என்று தானே தன்னைத் தள்ளிவைத்துவிடுகிறான். தள்ளிவைப்பது மற்றவன் வேலை. நாமே ஏன் அதைச் செய்துகொள்ள வேண்டும்? 2020 மார்ச்சில் பூட்டிய குளம் மறுபடி திறந்தபோது 25 மீட்டருக்கே மூச்சு திணறியது. ஆனால் மிதப்பது மறக்கவில்லை. தெம்பு சில வாரத்தில் போய்விடும், சில வாரத்தில் வந்தும்விடும். உடம்பு கற்ற வித்தை அப்படியே கிடக்கும்.

இப்போது ஆட்டோ ஹாரன். மிஞ்சின நாலு பேரில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், வயது நாற்பத்தெட்டு. காலை ஐந்தரைக்கு எங்கள் தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பார். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவதில் எங்கள் தெருவே எழுந்துவிடும்.

“இன்னைக்கு வேணாம்ணே, தலைய வலிக்குது.”

“தண்ணில போட்டா சரியாயிடும், வா.”

“நாளைக்கு வர்றேண்ணே.”

“தம்பி, நான் வண்டிய எடுத்துட்டேன். பெட்ரோலுக்கு யாரு காசு குடுக்குறது? ஏறு.”

இவ்வளவுதான். இதுதான் ஊக்கம். ஆறு வருஷமாக என்னைத் தண்ணிக்குள் வைத்திருந்தது என் மன உறுதியல்ல, அண்ணனுடைய ஹாரன். அவரை வைத்திருப்பது என்ன என்று ஒருநாள் கேட்டேன். “நீ ஏறி உக்காந்துர்றியே, அப்புறம் எப்படிப் போகாம இருக்குறது?” என்றார். சேர்ந்து போகிறவன் போகிறான். தனியாகத் தீர்மானம் எடுத்தவன் தனியாகவே படுத்துக்கொள்கிறான்.

சேர்ந்து போக எல்லாராலும் முடிகிறதா? எங்கள் பேட்சில் இருந்ததிலேயே தண்ணியைச் சட்டென்று பிடித்துக்கொண்டவன் நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளனாக இருக்கிற ஒரு தம்பி. மூன்றே மாதத்தில் நிறுத்தாமல் 400 மீட்டர் போனான். மாஸ்டரே வாயை மூடிக்கொண்டு பார்த்தார். அவனுக்கு வேலை நேரத்தை மாற்றிக் காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு என்று வைத்துவிட்டார்கள். காலை பேட்ச் போச்சு. சாயங்காலம் முழுக்கக் காசு கட்டிப் பயிற்சிக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு. ராத்திரி குளத்தில் விளக்கு கிடையாது. ஊக்கம் இல்லாமல் நின்றுபோனவர்கள் பட்டியலில் இப்போது அவன் பெயரும் இருக்கிறது. எங்கள் கிளையில் வேலை செய்கிற தங்கச்சி ஒருத்திக்கும் ஆசை. பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் வேலை நாளில் மதியம் மூன்றரை. அது எந்தப் பெண்களுக்கான நேரம் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். வேலைக்குப் போகாத, வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருக்கிற பெண்களுக்கான நேரம். இதை எவனும் சாதி என்றோ வர்க்கம் என்றோ பலகையில் எழுதி மாட்டவில்லை. கால அட்டவணை என்றுதான் மாட்டியிருக்கிறார்கள்.

பலகையில் எழுதாமல் நடப்பது இன்னும் உண்டு. லேனின் முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற நேரத்தில், “சாருக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பதில் சொன்னபிறகு மறுநாளிலிருந்து வேறு லேனுக்குப் போய்விட்ட ஒரு பெரிய மனுசரையும் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் காவலாளியிடம் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று விசாரித்தார். தண்ணியை மாற்றுவதில்லை, வடிகட்டித் திரும்பத் திரும்ப விடுகிறோம், குளோரின் போடுகிறோம் என்று அந்தக் காவலாளி பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விசாரித்தவருக்குக் கிருமியைக் கொல்கிற மருந்து போதவில்லை போலிருக்கிறது. இந்த மாதிரி நாளில் வீட்டுக்கு வந்தால் மறுநாள் போகப் பிடிக்காது. உடம்புச் சோர்வு தூங்கினால் தீரும். இது தீராது. அப்படியான மறுநாளில்தான் ஹாரன் மூன்று தடவைக்கும் மேல் அடிக்க வேண்டியிருக்கிறது.

தோழர் ஒருவர் என்னிடம், “ஊருக்குள்ள குடிக்கவே தண்ணி இல்ல, நீங்க நீச்சல் குளம்னு திரியிறீங்க, இது மேட்டுக்குடி சமாச்சாரம் இல்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். மேட்டுக்குடி நீச்சல் குளத்தில் சாவதில்லை. கல்குவாரிப் பள்ளத்திலும், மணல் அள்ளிக் குழியாய்ப்போன ஆற்றிலும், தூர் வாருகிறேன் என்று ஆழப்படுத்திவிட்டுப் போன ஏரியிலும் சாகிறது நம் பிள்ளைகள். அப்புறம், சாவைக் காட்டித்தான் எதையும் நியாயப்படுத்த வேண்டுமா? காலையில் ஒரு மணி நேரம் நம் உடம்பு கனமில்லாமல் கிடப்பதற்கு நமக்கு உரிமை இல்லையா? நம் இயக்கங்கள் உடம்பின் வலியைப் பற்றி நிறையப் பேசிவிட்டன. அதன் சுகத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகின்றன. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை.

மகாத் என்றால் நமக்கு 1927 மார்ச் 20 ஞாபகம் வரும். அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்த நாள். அந்த ஒருநாளைத்தான் நாம் படமாக மாட்டுகிறோம். முன்னும் பின்னும் பாருங்கள். பொது நீர்நிலைகளை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த தீர்மானம் 1923. மகாத் நகராட்சி குளத்தைத் திறந்ததாகக் காகிதத்தில் எழுதியது 1924. நம் பக்கத்திலும் அதே 1924-இல்தான் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத்தெரு, பொதுக்கிணறு பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காகிதத்தில் திறந்த குளத்தில் மூன்று வருஷம் எவனும் இறங்க முடியவில்லை. இறங்கிய பிறகு சாதி இந்துக்கள் சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 பானை ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் மறுபடி இறங்கப் போனபோது நீதிமன்றத் தடை. அதற்குப் பிறகு வழக்கு, வாய்தா, மேல்முறையீடு. பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வந்தது 1937 மார்ச் 17. அள்ளிக் குடிக்க ஒரு நிமிஷம், அதை நிலைநாட்டப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷம் கட்டுக்கட்டாய்க் காகிதம் சுமந்து நீதிமன்றப் படி ஏறி இறங்கியவர்களை எந்தக் கோபம் வைத்திருந்திருக்கும்? கூட நடந்த ஆட்கள், அடுத்த வாய்தா தேதி, கட்டு கட்டிவைத்த காகிதம் என்று இப்படிச் சில்லறை விஷயங்கள்தான் வைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இதற்கு ஆதாரம் காட்ட முடியாது. ஆறு வருஷம் காலையில் எழுந்தவனுடைய அனுமானம்.

இயக்கத் தோழர்களிடம் நான் கேட்பதும் சில்லறைதான். மாலை நேரக் கல்வி மையம் நடத்துகிறோம், பறைப் பயிற்சி நடத்துகிறோம். அதோடு இதையும் சேர்க்கலாம். ஊருக்குப் பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாகப் பணம் கட்டிச் சேர்ந்தால் ஒரு லேன் நம்முடையதாகும். ஒரு லேனில் பத்துப் பேர் நம்மாட்களாக இருந்தால் ‘எந்தப் பக்கம்’ என்று கேட்கிறவன் யோசித்துக் கேட்பான். எங்கள் ஊரில் நாங்கள் மனு ஒன்று எழுதியிருக்கிறோம். காலை நாலரைக்கே ஒரு பேட்ச், ராத்திரி எட்டு வரைக்கும் விளக்கு, வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாலை ஆறரைக்கு மேல் ஒரு மணி நேரம், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பாதிக் கட்டணம். மூன்று முறை கொடுத்தாயிற்று. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இரண்டு முறை பதில் வந்திருக்கிறது. மூன்றாவதுக்கு இன்னும் இல்லை. துப்புரவுப் பணியில் இருக்கிற அந்தத் தம்பிதான் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் இருந்தால் இதழுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். காலை ஆறு மணிக்கு வரலாம். துண்டும் நீச்சல் கண்ணாடியும் கொண்டுவந்தால் போதும், தொப்பி எங்களிடம் இரண்டு உபரியாக இருக்கிறது. ஆட்டோவில் இன்னும் ஒருவருக்கு இடமுண்டு.